ஐந்து துளியும் அரை லிட்டரும்: ஹடப்சரிலிருந்து ஒரு மறுப்பு

புனே மாநகரின் கிழக்கே ஹடப்சரில் சாடேசத்ரா நளி என்றொரு பகுதி உண்டு. மராத்தியில் அப்பெயரின் நேர்ப்பொருள் 'பதினேழரைக் குழாய்'. கடக்வாஸ்லா அணையிலிருந்து புறப்படும் முட்டா வலதுகரைக் கால்வாய் நகரைக் கடந்து, ஹடப்சர் வழியாகத் தௌண்டு, இந்தாபூர் வட்டங்களின் வயல்களை நோக்கிச் செல்கிறது. பெயரில் குழாயும் அருகில் கால்வாயும் வாய்த்த இந்த வட்டாரத்தின் அடுக்ககங்கள் பலவற்றுக்குக் கோடையில் தண்ணீர் வருவது லாரியில். சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஃபுர்சுங்கி, உருளி தேவாச்சி ஊர்களின் நிலையோ இன்னும் மோசம். மாநகரம் பல்லாண்டுகளாக அங்கே கொட்டிய குப்பையின் கசிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. கிணறுகள் இருந்தும் அவ்வூர்கள் லாரித் தண்ணீரை நம்பி வாழ நேர்ந்தது.

இத்தகைய நகரின் கல்விப்புலத்தில் அண்மைக்காலமாகப் புதியதொரு நீர்ப்பற்று தலைகாட்டுகிறது. செயற்கை நுண்ணறிவிடம் ஒரு கேள்வி கேட்பது ஒரு புட்டி நீரைக் கீழே கொட்டுவதற்குச் சமம் என்று ஒரு தரப்பு மாணவர்களைக் கடிகிறது. ஒரு கேள்விக்கு ஐந்து துளிதான் செலவு, ஒரு கோப்பைக் காப்பியை விளைவிக்கவே நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும் என்று மறுதரப்பு எள்ளி நகைக்கிறது. எதிரெதிர் நிற்பதாகத் தோன்றும் இவ்விரு தரப்பும் கையில் வைத்திருப்பது ஒரே அளவுகோல்: 'ஒரு கேள்விக்கு எவ்வளவு நீர்?' அந்த அளவுகோலே பிழையானது. அதைக் கைவிடாதவரை, இந்த விவாதத்தில் எவர் வென்றாலும் ஹடப்சரின் குழாயில் ஒரு சொட்டும் கூடப்போவதில்லை.

முதலில் எண்களைப் பார்க்கலாம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த ஷாவ்லெய் ரென் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஜிபிடி-3 மாதிரி 10 முதல் 50 நடுத்தர நீள விடைகளைத் தருவதற்குள் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் நீர் செலவாகும் என்று மதிப்பிட்டது. செய்தி பரவிய வேகத்தில் 'பத்து முதல் ஐம்பது' உதிர்ந்து, 'ஒரு கேள்வி, ஒரு புட்டி' என்று சுருங்கியது. 2024-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று ரென்னின் துணையோடு கணக்கிட்டு, ஜிபிடி-4 எழுதும் 100 சொல் மின்னஞ்சலுக்கு 519 மில்லிலிட்டர் என்றது. 2025 ஆகஸ்டில் கூகுள் தன் ஜெமினியின் இடைநிலை எழுத்துக் கேள்வி ஒன்றுக்கு 0.26 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்து துளி, என்று அறிவித்தது.

பின்னிரண்டு எண்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு. மாதிரிகள் வேறு, விடையின் நீளம் வேறு, ஆண்டு வேறு என்பவை ஒரு பகுதியை விளக்கும். மறு பகுதி ஒரு வினைச்சொல்லின் பொருள் பற்றியது. 'செயற்கை நுண்ணறிவு நீர் குடிக்கிறது' என்ற தொடரில் 'குடிக்கிறது' என்பது எதைச் சுட்டுகிறது? ஆற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ எடுக்கும் நீர் முழுவதையுமா, எடுத்ததில் ஆவியாகித் திரும்பாமல் போவதை மட்டுமா, தரவு மையத்துக்கான மின்சாரத்தை ஆக்கும் நிலையத்தில் செலவாவதையும் சேர்த்தா? ரென் குழுவினரின் மதிப்பீடு மின்னாக்கத்தின் நீரைச் சேர்த்தது. கூகுளின் ஐந்து துளி அதைச் சேர்க்கவில்லை. மாதிரியைப் பயிற்றுவிக்கச் செலவான நீரும் அதில் இல்லை. இரண்டும் தத்தம் வரையறைக்குள் மெய்யாக இருக்கலாம். வரையறையைக் கேட்காமல் எண்ணை மட்டும் ஏந்திச் சண்டையிடுவது ஆய்வாளர்களுக்கு அழகன்று.

இந்த அளவுகோலின் அபத்தத்தைத் தமிழே காட்டிக்கொடுக்கும். மொழி மாதிரிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டியே கையாளுகின்றன. ஆங்கிலத் தரவை மையமாக வைத்து அமைந்த முன்னைய வெட்டுமுறைகளில், ஒரே பொருளைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைக் காட்டிலும் பல மடங்கு துண்டுகள் ஆயின. துண்டு கூடினால் கணிப்பு கூடும், மின்சாரம் கூடும், நீரும் கூடும். ஆகவே 'ஒரு கேள்விக்கு இவ்வளவு பாவம்' என்ற அறக்கணக்கை ஏற்றால், தாய்மொழியில் கேட்கும் தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் கேட்பவரைவிடப் பெரும்பாவி ஆகிவிடுகிறார். மாதிரியை வடிவமைத்தவரின் தேர்வு கேட்பவரின் தலையில் குற்றமாக இறங்குகிறது. பொறுப்பை இடம் மாற்றும் இந்த வேலையைத்தான் 'ஒரு கேள்விக்கு' என்ற அலகு ஓசையின்றிச் செய்கிறது.

நீரைக் கரிவளியைப் போல எண்ணுவதே இங்குள்ள அடிப்படைப் பிழை. ஒரு டன் கரிவளி எங்கே வெளியேறினாலும் வளிமண்டலம் ஒன்றே. நீருக்கு ஊர் உண்டு, மாதம் உண்டு, மூத்த உரிமையாளர் உண்டு. கூகுளின் தரவு மையங்கள் அனைத்தும் சேர்ந்து 2023-இல் செலவிட்ட நீர் 610 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 2,300 கோடி லிட்டர். ஒரு டிஎம்சி என்பது 2,830 கோடி லிட்டர். உலகெங்கும் உள்ள அம்மையங்களின் ஓராண்டுத் தேவை ஒரு டிஎம்சிக்கும் குறைவு. புனேக்கு நீர் தரும் கடக்வாஸ்லா, பான்ஷெட், வரஸ்காவ், தேம்கர் ஆகிய நான்கு அணைகளின் கொள்ளளவோ ஏறத்தாழ 29 டிஎம்சி. மொத்தத் தொகையைக் காட்டி அச்சுறுத்துவோர் இவ்வொப்பீட்டை முதலில் விழுங்கியாக வேண்டும்.

ஆனால் இதே ஒப்பீட்டைச் சொல்லி ஆறுதல் அடைவோர் ஓரெகான் மாநிலத்தின் தி டாலஸ் என்ற சிற்றூரையும் பார்க்க வேண்டும். அங்கே கூகுளின் தரவு மையங்கள் எவ்வளவு நீர் எடுக்கின்றன என்று ஒரு நாளிதழ் கேட்டபோது, அது வணிக இரகசியம் என்று சொல்லி அவ்வூர் நிருவாகமே வழக்குத் தொடுத்தது. 2022 டிசம்பரில் வழக்கு சமரசமாகி எண்கள் வெளிவந்தன. 2021-இல் 35.5 கோடி கேலன். ஊரின் மொத்த நீர்ப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் மேல். உலகக் கணக்கில் மிகச் சிறிதாகத் தெரிந்த தொகை ஓர் ஊரின் கணக்கில் கால் பங்காக நின்றது. அதை அறியும் உரிமைக்காகவே ஓராண்டுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது.

புனேயும் இந்தத் தொழிலுக்கு அயலூர் அன்று. மைக்ரோசாஃப்ட் 2015-இல் இந்தியாவில் தொடங்கிய மூன்று மேகக் கணிமைத் தளங்களுள் ஒன்று புனேயில் உள்ளது; மற்றவை சென்னையிலும் மும்பையிலும். அண்மை ஆண்டுகளில் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் ஹிஞ்சவடியிலும் அந்நிறுவனம் மேலும் நிலம் வாங்கியுள்ளது. எந்தத் தளம் எவ்வளவு நீரை எங்கிருந்து எடுக்கிறது என்பது புனேவாசி ஒருவர் எளிதில் எடுத்துப் படிக்கக்கூடிய பதிவாக இல்லை. ஆகவே ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். நீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் தரவு மையங்களுக்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.8 லிட்டர் என்ற சராசரி பரவலாக எடுத்தாளப்படுகிறது. 100 மெகாவாட் சுமையுள்ள ஒரு மையம் நாளொன்றுக்கு 24 இலட்சம் யூனிட் செலவிடும். நீர் 43 இலட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியில் 430 லாரிகள். ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவின்படி 32,000 பேரின் ஒருநாள் நீர். அதுவும் ஆண்டுச் சராசரிதான். குளிரூட்டல் மிகுதியாக வேண்டியிருப்பது வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில். அணைகள் அடிமட்டத்தை நெருங்குவதும் அப்போதே. ஆண்டுச் சராசரி இந்த மோதலை மறைத்துவிடும்.

'எங்கள் மையம் நீரே இல்லாமல் காற்றால் குளிர்கிறது' என்ற விளம்பரம் அடுத்து வரும். காற்றால் குளிரூட்ட மின்சாரம் கூடுதலாக வேண்டும். இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. பழைய அனல்மின் நிலையங்களுக்கு 2015-இல் நடுவண் அரசு விதித்த உச்ச வரம்பு ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டர் நீர். மேற்சொன்ன மையத்தின் மின்சாரம் முழுவதும் அத்தகைய நிலையத்திலிருந்து வருவதாகக் கொண்டால், அந்த வரம்பின்படி நாளொன்றுக்கு 84 இலட்சம் லிட்டர் வரை வேறோர் ஊரில் செலவாகலாம். அந்த வேறோர் ஊர் எது? மராத்வாடாவின் பீட் மாவட்டத்தில் பர்ளி அனல்மின் நிலையம் 2013-இன் வறட்சியில் நீரின்றி முற்றிலும் நின்றது. அதே மராத்வாடாவின் லாத்தூருக்கு 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் போனது. ஆக, 'நீரற்ற' மையம் தாகத்தைத் தீர்ப்பதில்லை. ஹிஞ்சவடியின் தாகத்தை மராத்வாடாவுக்கு அனுப்பி வைக்கக்கூடும்.

ஒரு லிட்டருக்குப் பின்னால் வரலாறும் உண்டு. பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்கு நீர் தருவது பவனா அணை. அங்கிருந்து அந்நகருக்குக் குழாய் பதிக்கும் திட்டத்தை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9 அன்று மாவள் வட்டத்து உழவர்கள் புனே–மும்பை விரைவுச்சாலையில் மறியல் செய்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். அத்திட்டம் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. பவனாவின் நீரைத் துளிக்கணக்கில் பேசுவோர், அந்த மூன்று உயிர்களை எந்தத் தசமப் புள்ளிக்குப் பின் வைப்பார்கள்?

ஹடப்சரின் வரலாற்றில் துப்பாக்கி இல்லை. ஆனால் நீரின் கைமாற்றம் உண்டு. இன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த மகர்பட்டா நகரியம், ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள் 400 ஏக்கர் நிலத்தை ஒன்றுசேர்த்து உருவாக்கியது. அவர்கள் நிலத்தை விற்காமல் பங்குதாரர் ஆனார்கள் என்பது பாராட்டத்தக்கது. எனினும் வயல் அடுக்ககமாக மாறும்போது நீர்க்கணக்கும் மாறுகிறது. நகரம் அணைநீரை மேன்மேலும் எடுத்துக்கொள்ள, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 6.5 டிஎம்சி சுத்திகரித்த கழிவுநீரை முண்ட்வாவில் ஏற்றிக் கால்வாயில் விடுவது என்பது ஏற்பாடு. கால்வாயின் கடைமடையில் இருப்பவருக்கு மலைநீருக்குப் பதிலாக நகரின் சாக்கடையைக் கடந்த நீர். அதன் தரம் பற்றிய உழவர்களின் முறையீடு நாளிதழ்களின் வட்டாரப் பக்கத்தைத் தாண்டுவதே அரிது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்கத் தேவையில்லை. இன்று புனேயின் தட்டுப்பாட்டுக்கு முதற்காரணம் தரவு மையம் அன்று. மாநகராட்சியின் கணக்கிலேயே குழாய்க் கசிவில் போவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தில் ஒரு கிலோ சர்க்கரைக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் நீர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. குடிநீர் இணைப்பு உறுதியாகும் முன்பே எழும்பும் அடுக்ககங்களுக்கு எண்ணிக்கை இல்லை. இவை அனைத்தும் உண்மை. ஆயினும் 'கரும்பு மிகுதியாகக் குடிக்கிறது' என்பது 'தரவு மையத்தைக் கேட்காதே' என்பதற்குச் சான்று ஆகாது. கரும்பையும் தொடக்கத்தில் எவரும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோது ஆலைகளும் கடன்களும் அரசியலும் அதைச் சுற்றி வேர்விட்டிருந்தன. புதிய பயனாளர் ஒருவர் வாயிலில் நிற்கும்போதே கேட்பதுதான் அறிவு. உள்ளே வந்து அமர்ந்தபின் கேட்டால் விடை வராது.

புனேக்கு அருகிலேயே இவ்வாறு கேட்ட முன்மாதிரி ஒன்று உண்டு. ஹடப்சரிலிருந்து திவே கணவாய் ஏறினால் சாஸ்வட். அது புரந்தர் வட்டம். 1972-இன் கொடும் வறட்சிக்குப் பின், புனேயில் தொழிற்சாலை நடத்திய பொறியாளர் விலாஸ்ராவ் சாளுங்கே அவ்வட்டத்தின் நாய்காவ் என்ற ஊரில் தொடங்கியது 'பாணி பஞ்சாயத்து'. அதன் விதிகள் மிக எளியவை. நீர் நிலத்தின் அளவுக்கு அன்று, குடும்பத்தின் தலைக்கணக்குக்கே பங்கிடப்படும். தலைக்கு அரை ஏக்கர் பாசனம், குடும்பத்துக்கு உச்சமாக இரண்டரை ஏக்கர். நிலமற்றவருக்கும் நீரில் பங்கு உண்டு. கரும்புக்கு அந்த நீர் கிடையாது. செலவில் ஒரு பகுதியைப் பயனாளிகளே ஏற்க வேண்டும்.

'தண்ணீரை வீணாக்காதீர்' என்ற அறிவுரை அவ்விதிகளுள் ஒன்றாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. யாருக்கு, எவ்வளவு, எதற்கு, எதற்கு இல்லை என்பவையே அங்கே பேசப்பட்டன. தமிழின் ஏரிப்பாசனச் சொற்களும் இதையே காட்டும். மடை, கலிங்கு, முறைப்பாசனம், குடிமராமத்து, நீர்க்கட்டி என்ற சொற்களுள் ஒவ்வொன்றும் ஓர் இடத்தையோ, முறையையோ, பொறுப்பையோ சுட்டும். நீர்க்கட்டி என்றால் முறைப்படி வயலுக்கு நீர் விடும் பொறுப்பாளர். தவறு நேர்ந்தால் ஊர் யாரைக் கேட்க வேண்டும் என்பது அச்சொல்லிலேயே இருந்தது. அம்முறை சாதிப் படிநிலையைச் சுமந்ததும், நிலமற்றவருக்குப் பங்கு மறுத்ததும் மெய். அந்தக் குறையைத்தான் நாய்காவ் தன் விதியால் நேர்செய்ய முயன்றது. இன்றைய நீர்மொழியிலோ இரண்டே வாக்கிய அமைப்புகள் எஞ்சியிருக்கின்றன. குடிமக்களுக்கு முன்னிலை ஏவல்: 'குழாயை மூடு', 'துளியைச் சேமி'. நிறுவனங்களுக்கு எழுவாய் இல்லாச் செயப்பாட்டு வினை: 'நீர் பயன்படுத்தப்படுகிறது', 'பொறுப்புடன் மேலாளப்படுகிறது'. பல் துலக்குபவருக்கு ஏவல் கிடைக்கிறது. கோடி லிட்டர் எடுப்பவருக்கு எழுவாய் நீக்கம் கிடைக்கிறது. 'ஒரு கேள்விக்கு எவ்வளவு' என்பது இம்மரபின் அண்மைக் குழந்தை.

கல்விப்புலம் இம்மொழியை ஆராய்ந்து மறுத்திருக்க வேண்டும். மாறாக, அதைக் கடன் வாங்கி மாணவர்மேல் ஏவுகிறது. ஆய்வேட்டின் ஒரு பத்தியைத் திருத்த ஒரு கருவியிடம் கேட்ட மாணவி நீரின் பெயரால் வெட்கப்பட வேண்டும். ஆண்டு முழுமைக்கும் அதே கருவிக்குச் சந்தா கட்டும் வளாகமோ, அதன் தரவு எந்த ஊரில் குளிர்கிறது என்று ஒரு வரி கேட்டெழுத வேண்டியதில்லை. ஐயத்தை எளியவர்மேல் செலவிடும் இத்தகைய விழிப்புணர்வால் எந்த அணையும் நிரம்பாது.

கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு தரவு மையமும் தான் எடுக்கும் நீர், ஆவியாக்கும் நீர், திருப்பித் தரும் நீர் ஆகியவற்றைத் தனித்தனியே, மாதந்தோறும், தளவாரியாக வெளியிட வேண்டும். அந்நீர் அணையிலிருந்தா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, லாரியிலிருந்தா, சுத்திகரித்த கழிவுநீரா என்பது அதில் இருக்க வேண்டும். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019 முதல் இயங்குகின்றன. ஆகவே இயலாது என்ற சாக்கு எடுபடாது. மின்சாரத்தின் நீரும் கணக்கில் ஏற வேண்டும். 2005-இல் அமைந்த மகாராஷ்டிர நீர்வள ஒழுங்குமுறை ஆணையம், வறட்சி ஆண்டில் எந்தப் பயனாளருக்கு முதலில் வெட்டு என்ற வரிசையில் தரவு மையத்தின் இடத்தைப் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். இவை அனுமதிக்கு முன் வர வேண்டும். தட்டுப்பாட்டுக்குப் பின் அன்று. பல்கலைக்கழகங்கள் தம் மென்பொருள் ஒப்பந்தங்களில் இக்கேள்விகளைச் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்கு எவரின் அனுமதியும் வேண்டியதில்லை.

மேகக் கணிமை என்ற சொல்லைத் தமிழ் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது. மேகம் என்றால் எங்கோ மிதப்பது, எவருக்கும் சொந்தமில்லாதது என்ற எண்ணமும் அச்சொல்லோடு உள்ளே வந்தது. அந்த மேகத்துக்குக் கதவிலக்கம் உண்டு, குழாயின் விட்டம் உண்டு, மாதக் கட்டண ரசீது உண்டு. அவற்றைக் கேட்பதே நீர்ப்பற்று. மாணவியின் கேள்வியை ஐந்து துளியா அரை லிட்டரா என்று நிறுத்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த மே மாதத்தில் ஒருநாள் ஹடப்சர் கால்வாய்க் கரைக்குச் சென்று, எதிரே நிற்கும் லாரி எங்கே நிரப்பிக்கொண்டு வந்தது என்று ஓட்டுநரைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த விடையிலிருந்து தொடங்கும் ஆய்வுக்கே இந்நகரில் இப்போது தேவை இருக்கிறது.